கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பூட்டு

இங்கிலாந்து தேசத்துக் கோயில் மணிகளையெல்லாம் ஒரே நாளில் ஊமையாக்கிய 1208-ஆம் வருஷம், மார்ச் மாதம் இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை விடிகிற நேரத்தில், எல்மர்ஸ்டோ கிராமத்தில் கூரை வேய்கிற ஆல்வின் செத்துப்போனான். ஒரு நாள் முன்னால் செத்திருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

சனிக்கிழமை கோயில் தானியக் கொட்டகைக்கு வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தவன், ஈரத்தில் ஏணி வழுக்கிக் கீழே விழுந்தான். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் ஆஸ்பர்ட் வந்து, செய்த பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியில் சாகிறவர்களுக்கான அவஸ்தைத் தைலம் பூசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆல்வின் தன் மனைவி குன்னில்டிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னைய ஆல்டித்து பக்கத்துல போட்டுரு.”

ஆல்டித் அவர்களுடைய மகள். எட்டு வருஷத்துக்கு முன்னால், பதினோரு மாதக் குழந்தையாக, இருமி இருமிப் போனவள். கோயில் கல்லறைத் தோட்டத்தில் வடக்குச் சுவரோரம் கிடக்கிறாள். அவளுக்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

“அங்க போடாம வேற எங்க போடுவேன்? பேசாம படு,” என்றாள் குன்னில்ட். அதை ஒரு வாக்குறுதி என்றுகூட அவள் நினைக்கவில்லை.

விடிந்ததும் சாமியாரிடம் சொல்ல ஓடினாள். கோயில் கதவு சாத்தியிருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் எப்போதும் தொங்குகிற துருப்பிடித்த பூட்டோடு, பளபளவென்று இன்னொரு பூட்டும் தொங்கியது. படியில் ஆஸ்பர்ட் சாமியார் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

“சாமி, அவரு போயிட்டாரு. குழி வெட்டணும்.”

“எப்போ?”

“இப்பத்தான். விடியக்குள்ள.”

“அடப்பாவி! நேத்தே போயிருக்கக் கூடாதா?” என்று சாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். புதுப் பேராயர் யார் என்பதில் ரோமாபுரியில் இருக்கிற பாப்பரசருக்கும் ராஜாவுக்கும் சண்டை. ராஜா வழிக்கு வரவில்லை. அதனால் பாப்பரசர் நாடு முழுவதற்கும் தடை போட்டுவிட்டார். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, சாகிறவனுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. நடுவில் ஒன்றும் கிடையாது. பூசை இல்லை, மணி இல்லை, மந்திரித்த மண்ணில் அடக்கம் இல்லை.

“சண்ட போட்டது ராஜா. எம் புருஷன் என்ன பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம்?”

“ஒண்ணும் பண்ணாதவங்களுக்குத்தாம்மா இந்த உத்தரவு. பண்ணவருகிட்ட இது செல்லாது.”

புதுப் பூட்டு யாருடையது என்று அவள் கேட்க வாயெடுக்கும்போதே அதன் சொந்தக்காரன் வந்துவிட்டான். ராஜாவின் சேவகன் ஹேமோ. தோல் சட்டையும், இடுப்பில் சாவிக்கொத்துமாக ஆள் தெம்பாக இருந்தான்.

“பூசை வைக்காத சாமியாருக்கு எதுக்கு நெலம், எதுக்குக் கொட்டகைன்னு ராஜா கேட்டுட்டாரு. நியாயந்தானே? இன்னிக்குக் காலையிலேர்ந்து கோயில் சொத்தெல்லாம் ராஜா சொத்து. இந்த மண்ணும் ராஜா மண்ணு. இதுல பொணத்தப் போட்டா ராஜா வீட்டுக்குள்ள அத்துமீறி நொழஞ்ச குத்தம்.”

“செத்தவரு மேலயா குத்தம்?”

“போட்டவங்க மேல. செத்தவனையும் விசாரணைக்குப் பேர் சொல்லிக் கூப்புடுவோம். மூணு தடவ கூப்புட்டும் வரலைன்னா அது தனிக் குத்தம்.”

“நீங்க பூட்டத் தெறந்தா சாமியும் தெறப்பாரு.”

“அவரு பூட்டப் பத்தி எனக்குத் தெரியாது,” என்று ஹேமோ பக்தியோடு தொப்பியைத் தொட்டுக்கொண்டான். “சாமி விஷயத்துல ராஜா தலையிட மாட்டாரு.”

அவன் போனதும் சாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தது ஆல்வினுக்காக இல்லை. சாமியார்கள் வீட்டில் சமைத்துப் போடுகிற பெண்களையும் ராஜாவின் ஆட்கள் பிடித்துப்போய் அடைத்துவிட்டார்கள். பதினான்கு வருஷமாக அவருக்குச் சமைத்துப் போட்டுவந்த எம்மாவும் அன்று காலையில் போய்விட்டாள்.

“ஒங்க எம்மாவ உசுரோட உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. எம் புருஷன செத்தும் உள்ள விட மாட்டேங்கறீங்க,” என்றாள் குன்னில்ட். “ரெண்டு பேரும் ஒரே கொல்லன்கிட்டத்தான் பூட்டு வாங்குனீங்களா?”

சாமியார் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். தடை உத்தரவு திங்கட்கிழமை காலை மணி அடித்ததிலிருந்துதான் அமலுக்கு வருகிறது. அதற்கு முன்னால் உயிர் போனது என்று நகரத்தில் இருக்கிற விசாரணைக் குரு சான்று கொடுத்தால் அடக்கம் பண்ணலாம்.

குன்னில்ட் பீர் காய்ச்சி விற்கிறவள். வீட்டில் சவப்பெட்டிக்குப் பலகை இல்லை. பார்லி ஊறவைக்கிற மரத்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, அதில் ஆல்வினைக் கிடத்தி, மேலே மூடி அடித்து, இடுக்கெல்லாம் தார் பூசினாள். அடுத்த வீட்டு ஹாவிஸ் கூட இருந்து பிடித்தாள். அதோடு பீர் வியாபாரமும் போயிற்று. மறுநாள் ஒன்பது மைல் நடந்து நகரத்துக்குப் போனாள்.

அந்த வட்டாரக் கோயில்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் கப்பலேறி அயல்தேசத்துக்குப் போய்விட்டதால் விசாரணையெல்லாம் குரு ரெஜினால்டு கையில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்பதால் அவர் இறைச்சி தொடுவதில்லை. மீன் அடைத்த பணியாரம் நான்கு அவர் முன்னால் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடி கடித்துக்கொண்டு விசாரித்தார்.

“சாகும்போது சூரியன் உதிச்சுடுச்சா?”

“மழை பேஞ்சுச்சு, ஐயா. தெரியல.”

“வேற அடையாளம்?”

“அடுத்த வீட்டு ஹாவிஸோட சேவல் கூவல. அவரு மூச்சு நின்னப்புறந்தான் கூவுச்சு.”

குரு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சேவல் ஞானஸ்நானம் வாங்காதது. அதோட சாட்சி செல்லாது. கோயில் மணிதான் சாட்சி. முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“மணி அடிக்கலியே, ஐயா. நீங்கதானே மணி அடிக்கக் கூடாதுன்னீங்க.”

“ஆமாம்.”

குன்னில்ட் கண்ணை மூடி யோசித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு தூரம் அவள் எதையும் யோசித்ததில்லை. “அப்ப, மணி அடிக்கலைன்னா திங்கக்கெழம வரலதானே? அவரு ஞாயித்துக்கெழம செத்த கணக்குத்தானே?”

குருவின் முகம் மலர்ந்தது. கடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். “பேஷ்! படிக்காத பொம்பளைக்கு எவ்வளவு தெளிவு பாத்தீரா?” என்று எழுத்தரிடம் சொன்னார். “ஆனா பாரும்மா, திங்கள் வரலைன்னா ஞாயிறு முடியல. முடியாத நாளுக்கு எப்படிச் சான்று குடுக்கிறது? ஞாயிறு முடிஞ்சதும் வா.”

“எப்ப முடியும்?”

“மணி அடிச்சதும்.”

குன்னில்ட் தரையில் விழுந்து அவர் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தொட்டிக்குள் கிடக்கிற மனிதனைச் சொன்னாள். வடக்குச் சுவரோரம் கிடக்கிற குழந்தையைச் சொன்னாள். தான் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

குரு ரெஜினால்டு உண்மையிலேயே இளகிவிட்டார். “அழு, மகளே. இது நல்ல கண்ணீர். இதைத்தான் பாப்பரசர் எதிர்பாக்கிறார். ராஜாவை நாங்க அடிக்க முடியாது; அவர்கிட்ட படை இருக்கு. அதனால உங்களை அடிக்கிறோம். நீங்க அழுதா ராஜாவுக்கு மனசு வலிக்கும்.”

“வலிச்சுதா, ஐயா?”

“இன்னும் இல்ல. அதனாலதான் நிறுத்த முடியல. எங்க நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு.”

ஆனாலும் இளகின மனசு சும்மா இருக்கவில்லை. எழுத்தரிடம் உத்தரவை வாசிக்கச் சொன்னார். ‘மந்திரித்த மண்ணுக்குள்’ என்றுதான் அதில் இருந்தது. மண்ணுக்கு மேலே என்று எங்கும் இல்லை. சுவருக்குள் ஒரு மரம் இருந்தால் அதில் கட்டித் தொங்கவிடுவதற்கு மறுப்பில்லை என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

குன்னில்ட் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒன்பது மைல் திரும்பி நடந்தாள். பாதி வழியில்தான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவள் மனதில் இறங்கியது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நடந்தாள். வேறு தாள் அவளிடம் இல்லை.

ஹேமோ முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மரம் ராஜாவோடது. கெளை காத்துல இருக்கு. காத்து யாரோடதுன்னு எனக்கு இன்னும் உத்தரவு வரல. அதுவரைக்கும் தொங்கட்டும். ஆனா கீழ விழுந்தா மண்ணத் தொட்ட குத்தம், சொல்லிப்புட்டேன்.”

வாசலைத் திறப்பதில் ஒரு சிக்கல் வந்தது. சாமியார் பூட்டு முதலில் திறந்தால்தான் தன் பூட்டைத் திறக்கலாம் என்று ஹேமோவுக்கு உத்தரவு. ராஜாவின் பூட்டு தொங்கும்போது கோயில் பூட்டைத் திறந்தால் ராஜாவின் பூட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சாமியாருக்கு உத்தரவு. மத்தியானம் வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு சாவியைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். கடைசியில் ஊர்க்காரர்கள் நாலு பேர் ஆல்வினுடைய ஏணியையே சுவரில் சாத்தி, பீர்த் தொட்டியைக் கயிறு கட்டி மேலே தூக்கி, சுவரைத் தாண்டி உள்ளே நிற்கிற யூ என்கிற பழைய மரத்தின் பெரிய கிளையில் கட்டினார்கள். குன்னில்ட் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தாள். தொட்டிக்கும் குழந்தையின் குழிக்கும் நடுவே இருபதடி கூட இல்லை.

ஈஸ்டர் வந்தது. மணி அடிக்காததால் வந்தது பலருக்குத் தெரியவில்லை. நோன்பு முடிந்ததா, முட்டை சாப்பிடலாமா என்று கேட்டு ஊர்க்காரர்கள் நகரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். பண்டிகைக்குத்தான் தடை, நோன்புக்குத் தடை இல்லை என்று பதில் வந்தது.

சாவுக்கும் தடை இல்லை. ஏப்ரல் முடிவதற்குள் யூ மரத்தில் ஏழு பெட்டிகள் தொங்கின. எட்டாவதாகப் பண்ணை மேலாளரின் தாயார் காலமானதும் பெரிய தகராறு வந்தது. கூரை வேய்கிறவனுக்குக் கீழே தன் தாயார் தொங்குவதா என்று மேலாளர் குதித்தார். இதைத் தீர்க்க விசாரணைக் குருவே குதிரையில் வந்தார். மூக்கில் ஒரு துணியை வைத்துக்கொண்டு மரத்தை நாலு பக்கமும் சுற்றி வந்து, உச்சிக் கிளை நிலமுள்ளவர்களுக்கு, நடுக்கிளை சொந்தத் தொழில் உள்ளவர்களுக்கு, அடிக்கிளை பண்ணை ஆட்களுக்கு என்று சட்டம் போட்டார். ஆல்வினை இரண்டடி இறக்கினார்கள். காக்கைகளுக்குச் சட்டம் இல்லாததால் அவை எல்லாக் கிளையிலும் உட்கார்ந்தன.

மே மாதம் வெயில் ஏறியது. தார் இளகியது. குன்னில்ட் தினமும் காலையில் சுவரேறி உட்கார்ந்து கல்லெறிந்து காக்கை விரட்டினாள். மத்தியானத்தில் ஹாவிஸ் அவளை மாற்றிவிடுவாள். ஹாவிஸின் பையனும் அந்தச் சுவரோரம்தான் கிடந்தான், மூன்று வருஷமாக.

“எறங்குடி. வாயில எதாச்சும் போட்டுட்டு வா,” என்பாள் ஹாவிஸ்.

“எறங்க மாட்டேன். நான் எறங்குனா அதுங்க எறங்கும்.”

ஒரு நாள் குருவிடமிருந்து புது உத்தரவு வந்தது. அவர் ராத்திரி பகலாக யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டதாம். மரத்துக்கு வேர் உண்டு. வேர் மந்திரித்த மண்ணில் இருக்கிறது. ஆகவே மரத்தில் தொங்குவது என்பது மேல்நோக்கி அடக்கம் பண்ணுவதுதான். மூன்று நாளைக்குள் எல்லாவற்றையும் இறக்கி, நகரத்துக்குப் போகிற சாலையோரப் பள்ளத்தில் மந்திரமில்லாமல் புதைத்துவிட வேண்டும்.

இறக்கினார்கள். குன்னில்டின் தொட்டியை இறக்கும்போது பிடித்த நாலு பேரில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் விட்ட இடத்தை அவளும் ஹாவிஸும் பிடித்தார்கள். பள்ளத்தில் ஏற்கெனவே பக்கத்து ஊர்க்காரர்கள் முப்பது பேர் கிடந்தார்கள். வண்டி போகிறபோது சேறு அவர்கள்மேல் தெறித்துக்கொண்டிருந்தது. மூடி முடித்ததும் குன்னில்ட் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. ஹாவிஸ் உலுக்கினாள்.

“அழுதுருடி. இப்பிடி இருந்தா பயமா இருக்கு.”

“அழ மாட்டேன். நம்ம அழுகை அந்தக் குருவுக்குத்தான் ஒதவுதாம்.”

அடுத்த பத்து நாளும் அவள் பள்ளத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடந்தாள். பள்ளத்தில் கொஞ்ச நேரம், சுவரோரம் கொஞ்ச நேரம். நடுவில் அரை மைல். நடந்து நடந்து காலில் கொப்புளம் வந்தது. பதினோராவது நாள் பாதி வழியில் நின்றாள். அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக நகரத்துக்கு நடந்தாள்.

குரு சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு. உள்ள போடக் கூடாது. சரி. வெளிய எடுக்கலாமா?”

“எதை?”

“எம் புள்ளைய.”

எழுத்தர் உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். வெளியே எடுப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படி ஒரு ஆசை யாருக்காவது வரும் என்று ரோமாபுரியில் யாரும் நினைத்திருக்கவில்லை.

“தடை இல்லை,” என்று குரு முத்திரையை அழுத்தினார். “ஆனா ஏம்மா? அது பரிசுத்தமான இடம். அங்க இருக்கிறதுதானே பிள்ளைக்குப் பாக்கியம்?”

“பாக்கியந்தான், ஐயா. அவ அப்பன் வெளிய நிக்கிறாரு.”

மூன்று மாதமாக நகராத காரியம் அரை நாளில் முடிந்தது. ஹேமோகூட மறுக்கவில்லை. “உள்ள வர்றதுதான் அத்துமீறல். வெளிய போறது இல்ல,” என்றான். வெளியேற்றம் என்பதால் பூட்டுகளை அவனும் சாமியாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள்.

மண்வெட்டியைக் குன்னில்ட் எடுத்தாள். இரண்டு வெட்டு வெட்டியதும் ஆஸ்பர்ட் சாமியார் வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் முன்னால்தான் தன் குதிரையைக் கொடுத்து எம்மாவை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். இப்போது முகம் தெளிந்திருந்தது. அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டினார். முழங்கால் ஆழத்தில் துணிக்குல்லாயின் ஓரம் தெரிந்தது. அதற்கப்புறம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கையால் அள்ளினார்கள்.

எல்லாம் குன்னில்ட் முன்னால் கட்டியிருந்த துணிக்குள் அடங்கிவிட்டது. அவள் வாசலைத் தாண்டப்போகும்போது ஹேமோ கையை நீட்டி மறித்தான்.

“எலும்பு ஒன்னோடது. அதுல ஒட்டியிருக்கிற மண்ணு ராஜாவோடது.”

“என்னது?”

“உதறிட்டுப் போ. எனக்கு உத்தரவு.”

சாமியார் “டேய் ஹேமோ” என்று ஒரு அடி எடுத்து வைத்தார். குன்னில்ட் வேண்டாம் என்று தலையாட்டினாள். வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, துணியை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பாவாடை ஓரத்தால் துடைத்தாள். விரல் எலும்புகள் பார்லி மணி அளவுதான் இருந்தன. அவற்றையும் துடைத்தாள். வெகுநேரம் ஆயிற்று. ஹேமோ முதலில் எண்ணுகிறவன் போலக் குனிந்து பார்த்தான். பிறகு சாவிக்கொத்தைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பி நின்றான்.

“போதும். போ,” என்றான்.

“இரு. இன்னும் முடியல,” என்றாள் அவள். கடைசித் துணுக்கையும் துடைத்து, அந்த மண்ணை உள்ளங்கையில் வழித்து, அவன் பூட்ஸ் முன்னால் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பள்ளத்தில் ஆல்வினுக்குப் பக்கத்தில் குழி தோண்ட அதிக நேரம் ஆகவில்லை. ஊரில் பாதிப் பேர் சாலையில் நின்றார்கள். மூட்டையை இறக்கி வைத்ததும் சாமியார் பழக்கத்தில் கையைக் கூப்பினார். மந்திரம் கூடாது என்பது நினைவுக்கு வந்து உதட்டை மட்டும் அசைத்தார்.

“சத்தமாச் சொல்லுங்க, சாமி,” என்றாள் குன்னில்ட். “இது வெறும் மண்ணு. இங்க யாரு ஒங்களத் தடுக்கிறது?”

சாமியார் நகரம் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடக்க ஜெபத்தை முழுக்கச் சொன்னார். சாலையில் நின்றவர்கள் சேற்றில் மண்டியிட்டார்கள். அப்போதுதான் குன்னில்டுக்கு அழுகை வந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு ஹாவிஸ் மட்டும் போகாமல் நின்றாள்.

“அந்தத் தாள எங்கடி வாங்குன?” என்று கேட்டாள். “எம் பையனையும் எடுக்கணும்.”

கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே எடுப்பதற்கும் தடை விதித்துக் குரு ரெஜினால்டின் உத்தரவு பதினாறு நாள் கழித்து வந்து சேர்ந்தது. அதை ஹேமோ வாசலில் ஆணியடித்து மாட்டி, இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்துச் சரியாக இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டான். அதற்குள் வடக்குச் சுவரோரம் கிடந்த குழந்தைகளில் பத்தொன்பது பேர் பள்ளத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.